செந்துறையில் ஈர்ப்பு குறைந்த மாதம்

பஸ் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் கண்டக்டர் என்னிடம் வந்தார். அரியலூருக்கு ஒன்று என்றேன். இது பெரம்பலூர் பஸ் என்றார். நான் எழுந்துவிட்டேன். அவர் என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"உக்காருங்க. பெரம்பலூர்ல எறங்கி மாறிக்கங்க. அரியலூரு எங்கயும் ஓடிப்போயிடாது."

திருச்சியில் இரண்டு பஸ்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. எதில் ஜன்னலோரம் காலியாக இருந்ததோ அதில் ஏறிவிட்டேன். ஐம்பதை நெருங்கும் வயதிலும் என் பயணங்களை ஜன்னல்கள்தான் முடிவு செய்கின்றன. எங்கள் பினாங்கில் தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் படகில், கடலைப் பார்த்தபடி இறங்க மறந்து அதே படகில் திரும்பி வந்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை.

வந்த வேலை என்னுடையது அல்ல, நாதனுடையது. நாதன் பினாங்கில் என் அடுத்த வீட்டுக்காரர், பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லித்தருகிறவர். கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்தால் ஒரு விண்மீன் மண்டலம். அப்படிப்பட்ட மண்டலங்கள் வானத்தில் சீராக இறைந்து கிடக்கவில்லை என்பார். ஓரிடத்தில் கொத்து, ஓரிடத்தில் இழை, நடுவில் ஒன்றுமே இல்லாத பெரிய பெரிய வெறுமை. ஆதியில் ஏறக்குறைய சமமாகப் பரவியிருந்தவை எப்படி இப்படிக் கூடின, ஒன்றையொன்று இழுக்கும் ஈர்ப்பு மட்டுமே இதற்குப் போதுமா என்பது அவருடைய கேள்வி. அதைக் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கம்ப்யூட்டர் ஓர் அறை முழுக்க இருக்கிறது. அதற்கு ஏர்கண்டிஷன் உண்டு, நாதனுக்குக் கிடையாது.

அவரிடம் ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு இடம் இருந்தது. வந்த மனுக்களில் ஒன்று அரியலூருக்குப் பக்கத்தில் செந்துறையிலிருந்து. பெயர் மலர்க்கொடி. அரியலூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர். கம்ப்யூட்டர் இல்லாததால் மின்சார பல்புகளை வைத்து அதே கணக்கைச் செய்ததாக எழுதி, ஒரு வரைபடமும் அனுப்பியிருந்தாள். மண்டலங்கள் எவ்வளவு நெருங்கிக் கூடின என்பதைக் காட்டும் கோடு மேலே ஏறியது, நடுவில் படுத்துக்கொண்டது, மறுபடி ஏறியது. அந்தப் படுத்துக்கிடந்த இடம்தான் நாதனைப் பிடித்துக்கொண்டது.

"ஈர்ப்பு ஏன் நடுவில் ஓய்வெடுக்க வேண்டும்? என் மெஷினில் இப்படி வருவதில்லை. இது உண்மையென்றால் புதுசு. புதுசு என்றால் இடம் அவளுக்குத்தான்" என்றார். நான் திருச்சியில் ஓர் எழுத்தாளர் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்துவிட்டு, அவளுடைய முழுக் கட்டுரையையும் கையோடு வாங்கி வரச் சொன்னார். எனக்கு இயற்பியல் தெரியாதே என்றேன். அதனால்தான் உன்னை அனுப்புகிறேன், நீ பார்த்ததை மட்டும்தான் சொல்வாய் என்றார்.

பெரம்பலூர் பஸ் நிலையத்தில் சின்ன வெங்காய மூட்டைகள் மனிதர்களுக்கு முன்னால் இடம் பிடித்திருந்தன. வெயிலில் அவற்றின் வாசனை மூக்கை எரித்தது. எதிரே ஒரு கடையில் பரோட்டா கேட்டேன். கேட்காமலே பிய்த்துப் போட்டு, சால்னாவில் மூழ்கடித்துக் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊரில் ரொட்டி சானாய் ஒரு தட்டில், பருப்புக் குழம்பு ஒரு கிண்ணத்தில். எது எதைத் தொட வேண்டும் என்பது தின்பவன் விருப்பம். இங்கே அந்த முடிவை சமையல்காரரே எடுத்துவிடுகிறார். ஆனால் நன்றாக இருந்தது. இன்னொன்று வாங்கினேன்.

கல்லாவில் இருந்தவர் எந்த ஊர் என்று விசாரித்தார். பினாங்கு என்றேன். தன் மச்சான் சிங்கப்பூரில் இருப்பதாகவும், பார்த்தால் வீட்டுக்கு ஒரு வார்த்தை எழுதச் சொல்லும்படியும் சொன்னார். நான் சரி என்றேன். மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

அரியலூர் பஸ் பாதி வழியில் பஞ்சராகி நின்றது. மாற்று டயரும் பஞ்சர். கண்டக்டர் ஒரு சிமெண்டு லாரியில் தொற்றிக்கொண்டு டயரோடு போய்விட்டார். நாங்கள் ஒரு புளியமரத்து நிழலைப் பங்கிட்டுக்கொண்டோம். சாலையோரம் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளம். காலில் இடறியதை எடுத்துப் பார்த்தால் கிளிஞ்சல். கல்லாகவே ஆகிப்போன கிளிஞ்சல். கடல் இங்கே இருந்துவிட்டுப் போயிருக்கிறது. போகும்போது அவசரத்தில் சிலவற்றை மறந்துவிட்டுப் போயிருக்கிறது.

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். செந்துறையில் நட்சத்திரக் கூட்டங்களைப் பற்றி ஒரு பெண் ஆராய்ச்சி செய்கிறாள், அதைப் பார்க்க வந்தேன் என்றேன்.

"நட்சத்திரத்தப் பாக்கவா? பகல்லயா போறீங்க?"

நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கூடையிலிருந்து ஒரு வெள்ளரிப்பிஞ்சை எடுத்து என் கையில் வைத்தார். வெயிலுக்கு நல்லது என்றார். என் தலையைப் பார்த்துச் சொன்னது போல இருந்தது.

அரியலூர் விடுதியில் எல்லாவற்றின் மேலும் மெல்லிய வெண்பொடி. தலையணையைத் தட்டினால் ஒரு சிறு மேகம் எழுந்து, யோசித்து, அங்கேயே உட்கார்ந்தது.

மறுநாள் காலை செந்துறைக்கு பஸ். வழியெல்லாம் முந்திரித் தோப்புகள். அதற்கடுத்து காய்ந்த மேட்டுக்காடு, அப்புறம் திடீரென்று ஒரு கிணற்றைச் சுற்றி மட்டும் பச்சைக் கடலைக்கொல்லை. ஊர்களும் அப்படித்தான். சாலை நெடுக இழையாக வீடுகள், ஓர் ஏரியைச் சுற்றிக் கொத்தாக ஓர் ஊர், பிறகு வெகுதூரம் யாருமில்லை. நாதன் சொன்னது நினைவுக்கு வந்தது. மேலே போய்ப் பார்க்க வேண்டியதே இல்லை என்று நினைத்தேன். கவிஞர்கள் இப்படி எதையாவது நினைத்துக்கொண்டு இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிடுவார்கள். அன்று விடவில்லை, மலர்க்கொடியே பஸ்ஸுக்குள் ஏறி என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

முப்பது வயதுக்கு இந்தப் பக்கம். வேகமாக நடந்தாள், அதைவிட வேகமாகப் பேசினாள். கல்லூரிக்கு லீவு சொல்லியிருந்தாள். "நீங்க வர்றீங்கன்னு அண்ணன் நேத்தே கடைய ரெண்டு தடவ கூட்டிட்டாரு" என்றாள்.

அண்ணன் கலியபெருமாள் மைக்செட் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கரும் சீரியல் விளக்கும் வாடகைக்கு. ஆராய்ச்சிக்கான பல்புகள் அவருடையவை. கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத பழைய கடலை குடோன் ஒன்று. கதவைச் சாத்தினால் நடுப்பகலிலும் கும்மிருட்டு. வெளிச்சம் பட்டுத் திரும்பாமல் இருக்கச் சுவரெல்லாம் கருப்புத் துணி கட்டி, தரையில் கரி பூசியிருந்தார்கள். இந்தக் கருப்பைப் பார்த்துவிட்டு உள்ளே மாந்திரீகம் நடப்பதாக ஊரில் ஒரு பேச்சு இருந்ததாம். கலியபெருமாள் அதை மறுக்கவில்லை. அதற்குப் பிறகு வாடகைப் பாக்கி ஒழுங்காக வருகிறது என்றார்.

தரையில் சின்னச் சின்ன மரக்கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஹோல்டர், ஒரு பல்பு. ஒரு பல்பு ஒரு விண்மீன் மண்டலம். மலர்க்கொடி எனக்கு விளக்கியது இது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும். ஈர்ப்பும் அப்படியேதான் குறையும். அதனால் ஒரு பல்பைக் கழற்றிவிட்டு அது இருந்த இடத்தில் ஒளி அளக்கும் போட்டோசெல்லை வைத்து நாலு திசையும் திருப்பினால், எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறதோ, அந்தப் பக்கம் அந்த மண்டலத்துக்கு அவ்வளவு இழுப்பு. எல்லா பல்புக்கும் இப்படி அளந்து, பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருப்பதையும் கணக்கில் சேர்த்து, ஒவ்வொரு கட்டையையும் கொஞ்சம் நகர்த்த வேண்டும். மறுபடி அளக்க வேண்டும், மறுபடி நகர்த்த வேண்டும். விரிவு பிரிக்கப் பார்க்கும், ஈர்ப்பு சேர்க்கப் பார்க்கும். யார் ஜெயிக்கிறார்கள் என்பதுதான் ஆட்டம். வெளிநாட்டில் யாரோ ரொம்ப காலம் முன்பு இரண்டே இரண்டு மண்டலங்களுக்கு இந்த முறையைச் செய்து பார்த்ததாகப் படித்திருக்கிறாள். அவள் ஒரு கூட்டத்துக்கே செய்கிறாள்.

இதில் கலியபெருமாள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பல்புகளுக்கு எண் போட்டால் குழம்புகிறது என்று, தான் விளக்குக் கட்டும் ஊர்களின் பெயரைக் கட்டைகளில் சாக்கட்டியால் எழுதிவிட்டார். ஆகவே பிரபஞ்சத்தில் பூலாம்பாடி இருந்தது, கல்லங்குறிச்சி இருந்தது, குன்னம் இருந்தது.

"பூலாம்பாடிய ரெண்டு விரக்கட வடக்க தள்ளுண்ணே" என்பாள் தங்கை.

"அது பொன்பரப்பியோட ஒட்டிக்கப் போவுது பாப்பா."

"ஒட்டட்டும். அதான வேணும்."

மதியம் கலியபெருமாளின் மனைவி சாப்பாடு போட்டார். கம்பஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு, பக்கத்தில் உரித்த சின்ன வெங்காயம். பினாங்கில் கருவாடு என்றால் பொரித்துச் சோற்றின்மேல் தூவும் நெத்திலிதான். இங்கே அது குழம்பையே ஆண்டது. மலர்க்கொடி அவரை அண்ணி என்று கூப்பிட்டதால் நானும் மனதில் அண்ணி என்றே வைத்துக்கொண்டேன். வீட்டை அடுத்த கொல்லையில் கடலை போட்டிருந்தார்கள். தண்ணீர் பாய்ச்சுவது, களை பார்ப்பது எல்லாம் அண்ணிதான். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பினாங்கில் பெண் பிள்ளை தனியாகத் தங்க நல்ல இடம் கிடைக்குமா? கிடைக்கும் என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

அந்த வீட்டில் எல்லோரும் ஏற்கனவே பாதி பினாங்கில் இருந்தார்கள். எனக்கு அது கொஞ்சம் பயமாக இருந்தது.

சாப்பிட்ட கையோடு குடோனுக்குப் போனோம். சாதாரணமாக மலர்க்கொடி கல்லூரியிலிருந்து திரும்பி, பொழுது சாயும் நேரத்தில்தான் அளக்க உட்காருவாள். அன்று எனக்காகச் சீக்கிரமே ஆரம்பித்தாள். நாலு மணி வாக்கில் குன்னத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் போட்டோசெல்லைப் பிடிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தாள். நான் பிடித்தேன். சுற்றிலும் ஊர்கள் எரிந்தன. கருந்தரையில் அந்தச் சிறு வெளிச்சங்களுக்கு நடுவே குனிந்திருந்தபோது, ஏதோ ஒன்றின் இடத்தை அதன் அனுமதியில்லாமல் எடுத்துக்கொண்டவன் போலக் கூச்சமாக இருந்தது.

இரண்டு திசை அளந்தாயிற்று. மூன்றாவதற்குத் திருப்பும்போது பல்புகளின் மஞ்சள் சற்றுச் சிவந்தது.

"ஏன் வெளிச்சம் குறைஞ்சுபோச்சு?" என்று கேட்டேன்.

அண்ணனும் தங்கையும் ஒரே மாதிரி நிமிர்ந்து பார்த்தார்கள். "கொறையலியே" என்றார் கலியபெருமாள்.

குறைந்துதான் இருந்தது. எங்கள் ஊரில் பல்பு ஒன்று எரியும் அல்லது எரியாது. நடுவில் ஒரு நிலை கிடையாது. அதனால் எனக்குப் பட்டது. அவர்கள் பிறந்ததிலிருந்து ஏறி இறங்கும் வெளிச்சத்தில் வாழ்கிறவர்கள். சாப்பிடுவதும் படிப்பதும் அதில்தான். அவர்கள் கண் அதை வெளிச்சத்தின் சுபாவம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

மோர் கொண்டு வந்த அண்ணி வாசலில் நின்றபடி சொன்னார்: "மோட்டாருக்குக் கரண்டு வுட்டுட்டாங்க. நேத்துலேருந்து நமக்குச் சாயங்கால மொறதானே."

ஊரில் கிணற்று மோட்டார்களுக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். வந்ததும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லாக் கிணற்றிலும் மோட்டார் ஒன்றாக ஓடும். வீட்டு விளக்குகள் அப்படியே மங்கும். இது யாருக்கும் செய்தி அல்ல.

மலர்க்கொடி மட்டும் மோரை வாங்கவில்லை. "ஸ்டெபிலைசர் இருக்கே" என்றாள், யாரிடமும் சொல்லாதது போல.

மின்அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் பல்புகளுக்கு ஒரே அளவு மின்சாரம் போக வேண்டும் என்பதற்காக, ஆரம்பத்திலேயே அண்ணனிடம் கேட்டு ஒரு ஸ்டெபிலைசர் வைத்திருந்தாள். டிவியும் படம் போடும் டெக்கும் வாடகைக்குப் போகும்போது கூடப் போகிற பெட்டி அது. மூலையில் உட்கார்ந்திருந்தது. முகப்பில் முள் எப்போதும் போல் நடுவில் நின்றது. அந்த முள் பல வருஷமாக நகர்ந்ததே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

அவள் டார்ச்சைப் பின்பக்கம் அடித்தாள். உள்ளே போக வேண்டிய ஒயரும் வெளியே வர வேண்டிய ஒயரும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தது. பெட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

"அது கட் ஆயிட்டே இருந்துச்சு பாப்பா" என்றார் கலியபெருமாள். "கரண்டு ரொம்ப எறங்குனா அது கட்டாயிடும். உன் வேல நிக்குதேன்னு டைரக்ட் குடுத்தேன். எல்லாக் கடையிலயும் அப்படித்தான் குடுப்போம்."

"எப்ப?"

அவருக்கு நினைவில்லை. குழந்தையின் காய்ச்சலைச் சொல்வது போல அண்ணிதான் சொன்னார்: "தை பொறந்ததும். தை முச்சூடும் சாயங்கால மொற. கடலைக்குத் தண்ணி கட்டிட்டு வந்து நாந்தானே சொன்னேன், இந்தப் பொட்டி டக்கு டக்குங்குதுன்னு. மாசிலதான் காலைக்கு மாத்துனான்."

மலர்க்கொடி எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. அவளுக்கு மனப்பாடம். தை மாதம்தான் கோடு படுத்தது. மாசியில்தான் எழுந்தது.

முறுக்கைப் பிரித்துப் பழையபடி கொடுக்கச் சொன்னாள். கலியபெருமாள் கொடுத்தார். பெட்டி உறுமியது, டக்கென்று ஒரு சத்தம், பூலாம்பாடியும் பொன்பரப்பியும் கல்லங்குறிச்சியும் ஒரே நொடியில் அணைந்தன. அந்த இருட்டில் நாலு பேர் மூச்சு விடுவது கேட்டது. தூரத்தில் மோட்டார்கள் ஓடுவதும் கேட்டது.

"கூட்டம் தானா நிக்கலண்ணே" என்றாள். "வெளிச்சம் கொறஞ்சதால இழுப்பு கொறஞ்சிருக்கு. நாமதான் நிறுத்தி வச்சிருக்கோம்."

அன்று செந்துறையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது, ஜன்னலும் கிடைத்தது. என்ன பார்த்தேன் என்று தெரியவில்லை. மோட்டார் போட்டவர்கள் தவறு செய்யவில்லை. கடலைக்குத் தண்ணீர் வேண்டும். அண்ணனும் தங்கைக்காகத்தான் செய்தார். ஒரு பிரபஞ்சம் ஒரு மாதம் நின்றுபோனதற்குக் குற்றவாளி என்று ஒருவரையும் காட்ட முடியவில்லை.

மூன்றாம் நாள் மலர்க்கொடி கல்லூரிக்குப் போய்விட்டாள். கல்லங்குறிச்சி பெருமாள் கோயில் திருவிழாவுக்கு விளக்குக் கட்டும் வேலை கலியபெருமாளுக்கு. அரியலூரில் என்னை டிராக்டரில் ஏற்றிக்கொண்டார். டிரெய்லரில் டியூப்லைட் கட்டுகளின் நடுவே, உடையாமல் அவற்றைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்போடு உட்கார்ந்தேன். இரண்டு உடைந்தன. பரவாயில்லை சார் என்று சிரித்தார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

கோயிலில் சிலைக்குப் பதில் ஒரு கம்பத்தைத்தான் பெருமாளாகக் கும்பிடுகிறார்கள். விளைந்த தானியத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். வரகு, கம்பு, கடலை. எங்கள் ஊர் தைப்பூசத்தில் தெருவெல்லாம் தேங்காய் உடையும். இங்கே காணிக்கையில்கூட மழை பெய்ததா பெய்யவில்லையா என்பது தெரிகிறது. குவியல்கள் சிறியவை.

மூங்கிலில் டியூப்லைட்டைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், கலியபெருமாள் பேசினார்.

"சார், நீங்க பாத்தத சொல்லுங்க, வேணாங்கல. ரூமு இருக்கு, பல்பு இருக்கு, பொண்ணு படிச்சிருக்கு. இந்தக் கரண்டு கதை எதுக்குங்க? அங்க யாருக்குத் தெரியப்போவுது?"

நான் அடுத்த டியூப்லைட்டை எடுத்துக் கொடுத்தேன்.

"எங்க அப்பாரு அடுத்தவன் காட்டுல கள வெட்டினவரு. நான் எட்டாவதோட இந்தக் குழாயத் தூக்கிட்டு வந்துட்டேன். அது ஒண்ணுதான் காலேஜு படி ஏறுச்சு. அதுக்குக் கெடச்ச எடத்த நான் டைரக்ட் குடுத்துக் கெடுத்தேன்னா, அது மறந்துடும் சார். நான் மறக்க முடியுமா?"

நாதன் என் கண்ணைத்தான் கேட்டார், வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று ஒரு சாக்கு எனக்குள் அப்போதே தயாராகிவிட்டது. சொல்லாமல் விடுவது எனக்குப் பழக்கமான தொழில். என் கவிதைகளில் பாதி அதுதான். சாயங்காலம் வரை அந்தச் சாக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பழுதில்லாமல்தான் இருந்தது.

அதற்கு வேலை வரவில்லை. நான்காம் நாள் காலை அரியலூர் ரயில் நிலையத்துக்கு மலர்க்கொடி அண்ணனையும் கூட்டிக்கொண்டு கட்டுரையோடு வந்தாள். அதன் முதல் பக்கமாகப் புதிதாக ஒரு தாளைச் சேர்த்திருந்தாள். பாசஞ்சர் ரயில் தாமதம் என்பதால் பெஞ்சில் உட்கார்ந்து அண்ணனுக்கு அதைத் தமிழில் படித்துச் சொன்னாள். கோடு படுத்திருக்கும் இடம் பொய். அந்த மாதம் பல்புகளுக்குப் போன மின்சாரம் குறைவு. ஸ்டெபிலைசரை இணைப்பிலிருந்து நீக்கியிருந்தேன். அதைக் கவனிக்காமல் முடிவு எழுதிவிட்டேன். தை மாதத்துக்கு முந்தைய நிலையிலிருந்து மறுபடி செய்யப்போகிறேன்.

கலியபெருமாள் கைகாட்டி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "நீக்கியிருந்தேன்னு போட்டுருக்க. அது நான்ல செஞ்சேன்?"

"சோதனை யாரோடதுண்ணே?"

"உன்னோடது."

"அப்ப அதுல எது நடந்தாலும் நான் செஞ்சதுதான்."

"எடம் போயிடும் பாப்பா."

"போவும்" என்றாள். கட்டுரையை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். "பொய்ய வச்சு அங்க போனா, போன மறுநாளே அந்த மெஷின்ல ஓட்டிப் பாப்பாங்க. அப்ப யார் முகத்தப் பாக்கறது?"

அவர் எழுந்து போய் மூன்று டீ வாங்கி வந்தார். சர்க்கரை அதிகம். எல்லோரும் குடித்தோம்.

ரயில் வந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். வண்டி அசையும்போது மலர்க்கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். ராத்திரிதான் தோன்றியது, எழுத நேரமில்லை, ஒன்று கேட்க வேண்டும் என்றாள்.

"என் ரூம்ல ஓரத்துல இருக்கிற பல்பு எல்லாம் உள்ளாறதான் வருது. ஏன்னா அதுக்கு அந்தாண்ட செவுருதான், இழுக்க ஆளு கெடையாது. நெசத்துல அப்படி இருக்காதுல்ல? அவரு மெஷின்ல ஓரத்துல இருக்கறத வெளியேருந்து யாரு இழுக்கறான்னு கேளுங்க. எனக்குச் செவுரு இருக்கு. அவருக்கு என்ன இருக்கு?"

திருச்சி போகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எனக்குப் புரியாத ஒன்றை ஒரு சொல்லும் சிந்தாமல் எடுத்துப் போவது அதுதான் முதல் தடவை.

பினாங்கில் நாதன் நின்றபடியே முதல் தாளைப் படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். வரைபடத்தை விரிக்கவே இல்லை. பல்புகள் உண்மைதானா என்று கேட்டார். உண்மை என்றேன். ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயர் இருப்பதைச் சொன்னேன். சிரித்தார். நேர்மையான பெண் என்றார். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்திலேயே விஷயம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. கோடு படுக்கவில்லை என்றால் இதில் புதுசு எதுவும் இல்லை, ஏற்கனவே தெரிந்ததைத்தான் பல்பு வைத்துக் காட்டியிருக்கிறாள், வேறு மனுக்களும் இருக்கின்றன என்று மெதுவாக, எனக்கு வலிக்காமல் சொன்னார். கட்டுரையை மேசையின் மறுபக்கம் வைத்தார்.

ஒரு கேள்வி கொடுத்தனுப்பினாள் என்றேன். சொன்னேன். செவுரு என்ற சொல்லையும் மாற்றாமல் சொன்னேன்.

நாதன் மறுபடி சொல்லச் சொன்னார். அப்புறம் அவர் பேசியது என்னிடம் இல்லை. அவருடைய மெஷினில் சுவர் கிடையாதாம். ஒரு பெட்டியளவு பிரபஞ்சத்தை எடுத்துக்கொண்டு, அதே பெட்டியைச் சுற்றிலும் அச்சாக அடுக்கிவைத்தது போலக் கணக்கு. வலப்பக்கம் வெளியே போவது இடப்பக்கம் உள்ளே வரும். ஓரத்தில் இருப்பதை இழுப்பது பக்கத்துப் பெட்டியில் இருக்கும் அதே கூட்டத்தின் நகல். அது நியாயமா, அதனால் கொத்துகள் இல்லாத இடத்தில் கொத்துகள் தெரிகின்றனவா என்று துறையில் பல வருஷமாகச் சண்டை. புதிதாக வருகிற மாணவர்களுக்கு இப்படி ஒரு சண்டை இருப்பதே மூன்றாவது வருஷத்தில்தான் தெரியவருகிறதாம்.

எழுந்து கரும்பலகையில் ஒரு சதுரம் போட்டார். அதன் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். சதுரத்துக்கு வெளியே சாக்கட்டியைக் கொண்டுபோய், எதுவும் வரையாமல், அப்படியே நின்றார். நான் இருப்பதை மறந்துவிட்டார் என்று நினைத்து எழுந்தேன்.

"அந்தப் பெண்ணுக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா?" என்று கேட்டார்.

தெரியாது, கடிதம் எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

"கடிதம் வேண்டாம். தந்தி அடி" என்றார்.